எட்டு பத்துக்கு வந்த வண்டி

நாற்பத்தேழாம் எண் பேருந்து காலை ஏழு இருபதுக்குப் புறநகரில் கிளம்பி, எட்டு பத்துக்கு மத்திய நிலையம் வந்து சேரும். இது அட்டவணை சொல்வது. அட்டவணையை நல்ல தடித்த தாளில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மழை படாத இடமாகப் பார்த்து மாட்டியிருக்கிறார்கள். வண்டிக்கு அந்த வசதியெல்லாம் இல்லை. அது மழையிலும் வெயிலிலும் பள்ளத்திலும் மேட்டிலும் உருண்டு, எட்டு நாற்பதுக்கோ எட்டு ஐம்பத்தைந்துக்கோ, மனசு வைத்தால் வரும்.

அதற்குள் தினமும் நின்றுகொண்டு வருகிறவர்களில் ஒருத்திக்குப் பத்தொன்பது வயது. ரத்தத்தை எடுத்துக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் எண்ணிச் சொல்கிற பரிசோதனைக்கூடப் படிப்பில் இரண்டாம் வருடம். கசங்காமல் மடித்துக் கையில் பிடித்திருக்கும் வெள்ளைக் கோட்டைப் பார்த்து வண்டியில் எல்லாரும் அவளை லேப் பொண்ணு என்பார்கள். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. ஒற்றைக் காலில் நிற்கிறவளிடம் பெயர் கேட்டு என்ன ஆகப்போகிறது.

கல்லூரியில் படித்ததை அவள் மறந்தாலும் மறப்பாள், அந்த வண்டியில் படித்ததை மறக்கமாட்டாள். உட்கார்ந்ததும் தூங்கி, தன் நிறுத்தம் வந்ததும் யாரும் எழுப்பாமலே விழித்து இறங்குகிற மனிதரின் பக்கத்தில் நிற்கக் கூடாது. அவர் கடைசி நிறுத்தத்துக்காரர். மடியில் சாப்பாட்டுப் பையைச் சரிசெய்துகொள்கிறவர் பக்கத்தில் நின்றால் அடுத்த நிறுத்தத்தில் இடம் கிடைக்கும். மூன்றாவது ஜன்னல் திறக்காது, ஐந்தாவது ஜன்னல் மூடாது. "உள்ள போங்க, உள்ள காலியாத்தான் இருக்கு" என்று நடத்துநர் சொல்கிற அந்தக் காலி இடத்தை இரண்டு வருடமாகத் தேடியும் அவள் பார்த்ததில்லை. ஊதி ஊதியே தொண்டை கட்டிப்போன அந்த நடத்துநருக்கு விசில் என்று பெயர். நல்ல மனுஷன். படிக்கட்டில் தொங்குகிறவர்களைத் திட்டிக்கொண்டே உள்ளே இழுத்துப் போடுவார். தையல்கடைக்குப் போகிற ஒரு அக்கா, இவள் ஏறினதும் கேட்காமலே கை நீட்டிப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். வெள்ளணுக்கள் ஐந்து வகையையும் அவள் மனப்பாடம் செய்தது அந்த அக்காவின் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டுதான்.

இதெல்லாம் சரி. ஆனால் நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கிற கல்லூரியில் லேப் எட்டரைக்கு. எட்டு முப்பத்தைந்துக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். முன்னால் ஒரு வண்டி பிடிக்கலாமே என்பார்கள் தெரியாதவர்கள். ஆறரை வண்டி தொழிற்சாலை ஆட்களால் முதல் இரண்டு நிறுத்தத்திலேயே நிரம்பி, இவள் நிறுத்தத்தில் நிற்காமல் போய்விடும். ஆறு ஐம்பது வண்டி அட்டவணையில் ஒழுங்காக ஓடுகிறது. சாலையில் அதைப் பார்த்தவர்கள் குறைவு.

துறைத்தலைவி ஒரு புதன்கிழமை அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த அம்மாளுக்குக் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே வீடு. காப்பியைக் குடித்துவிட்டுச் செருப்பை மாட்டினால் இரண்டாவது நிமிடம் நாற்காலியில் இருப்பார். அவருக்கு உலகத்தில் தாமதம் என்ற ஒன்று ஏன் இருக்கிறது என்றே விளங்கியதில்லை.

"அறுபத்தொரு நாள் லேட்டு. மூணு லேட்டுக்கு ஒரு ஆப்சென்ட். காய்ச்சல்னு போட்ட லீவையும் சேத்தா எழுபத்தோரு சதவீதம்தான் வருது. எண்பது இல்லாம பிராக்டிகல் எழுத விடமுடியாதும்மா. அடுத்த வருஷம் திரும்ப இதே வகுப்புல உக்கார வேண்டியதுதான்."

"பஸ் லேட் மேடம்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றீங்க. கொஞ்சம் சீக்கிரம் எந்திரிச்சா என்ன?"

அவள் ஐந்து மணிக்கு எழுகிறவள். அதைச் சொன்னாலும் நம்பப்போவதில்லை என்று விட்டுவிட்டாள். அந்த அம்மாள் கல்மனசுக்காரி இல்லை. விதி தெரிந்தவர், அவ்வளவுதான். மேசை இழுப்பறையைக் குடைந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"விதிப் புத்தகத்துல ஒரு வழி இருக்கு. பஸ்ஸுனால லேட்டுன்னா, அந்த நாளெல்லாம் பஸ் லேட்டா வந்துச்சுன்னு நிலையத்து டைம் கீப்பர் பதிவேட்டைப் பாத்து எழுதித் தரணும். அப்படித் தந்தா லேட்டு அத்தனையும் ரத்து. அடுத்த புதன்கிழமை பட்டியல் ஒட்டிருவோம், அதுக்குள்ள கொண்டா. டைம் கீப்பர் யாரு என்னன்னு போய் விசாரிச்சுக்கோ."

விசாரிக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. மத்திய நிலையத்தின் டைம் கீப்பர் அவளைப் பெற்ற அப்பா.

அவர் உட்கார்ந்திருப்பது நாலுக்கு நாலு கூண்டு. ஒரு மேசை, ஒரு விசிறி, ஒரு கடிகாரம், ஒரு பதிவேடு. ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் மணிக்கூண்டு. பதிவேட்டில் 'வர வேண்டிய நேரம்' என்று ஒரு பத்தி, 'வந்த நேரம்' என்று ஒரு பத்தி, 'காரணம்' என்று ஒரு பத்தி. முதலிரண்டுக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவதை நிரப்ப வேண்டும். நிரப்பினால் ஓட்டுநர், நடத்துநர், டைம் கீப்பர் மூன்று பேரும் தனித்தனியாக, மூன்று மூன்று பிரதியில் விளக்கம் எழுத வேண்டும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், அந்தக் கூண்டுக்கு வந்த முதல் வாரம், மனிதர் உள்ளதை உள்ளபடி எழுதினார். ஒன்பது மெமோ வந்தது. தலைமை அலுவலகத்தில் கூப்பிட்டு, "உங்களுக்கு முன்னாடி இருந்தவர் காலத்துல எல்லா வண்டியும் நேரத்துக்கு வந்துச்சே, நீங்க வந்ததும் ஏன்யா லேட்டா வருது?" என்று கேட்டார்கள். மனிதர் மெமோக்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் கூண்டுக்குத் திரும்பி, 'வர வேண்டிய நேரம்' பத்தியில் இருந்ததை அப்படியே பக்கத்துப் பத்தியில் பார்த்து எழுதினார். எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது. பார்த்து எழுதுவதற்கு வண்டி வரும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கொஞ்ச நாளில் தோன்றியது. அதனால் முந்தின நாள் சாயங்காலமே மறுநாள் பக்கத்தை, முத்து முத்தான கையெழுத்தில், கோடு பிசகாமல் எழுதி முடித்துவிடுவார். பிறகு நாள் முழுக்க, பெட்டியைத் தூக்கமுடியாமல் நிற்கிற பெண்களுக்கும் வழி தெரியாதவர்களுக்கும் உதவி செய்வார். நிலையத்தில் அவரைப்போல நல்லவர் யாரும் இல்லை என்று பேர்.

இப்படிப்பட்டவர் வீட்டில் எப்படி இருப்பார் என்று கேட்கவே வேண்டாம். விடிகாலை மூன்றே முக்காலுக்கு எழுந்து, நாலே முக்காலுக்கு ஊழியர் வேனில் போய்விடுவார். அந்த வேனில் குடும்பத்தாரை ஏற்றக் கூடாது என்று விதி, அவர் ஏற்றியதில்லை. ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு. "உங்கப்பாவுக்குப் பசிகூட எட்டுக்குத்தான் வரும். அதுக்கு முன்னாடி வந்தா வாசல்ல நிக்க வெச்சிருவாரு" என்பாள் அம்மா.

அன்று எட்டு மணிக்குத் தட்டுப் பக்கத்தில் படிவத்தை வைத்தாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"நாற்பத்தேழு எட்டு பத்துக்கு வந்துருக்கேம்மா."

"நான் அதுக்குள்ளதான்ப்பா இருந்தேன்."

"நீ உள்ள இருந்தே. உள்ள இருக்கறவங்களுக்கு நேரம் கூடுதலாத்தான் தெரியும். நான் வெளிய இருந்து பாத்து எழுதறவன்."

"பாத்தா எழுதறீங்க?" என்றாள் அம்மா, குழம்புக் கரண்டியைக் கீழே வைக்காமல். "நாளைக்கு வர்ற வண்டியெல்லாம் இன்னிக்கே வந்தாச்சே உங்க நோட்டுல. உங்கள மாதிரி ஜோசியர் யாரு இருக்கா."

அவருக்குக் கோபம் வரவில்லை. இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றச் சொன்னார். பிறகு விஷயத்தைச் சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தலைமை அலுவலகத்தில் விழா. பன்னிரண்டு வருடம் ஒரு வண்டிகூடத் தாமதமாகாத நிலையம் என்று, நேரந்தவறாமைக்கான கேடயம் அவருக்குத்தான்.

"கேடயத்தை வாங்கிட்டு, அறுபத்தோரு நாள் லேட்டுன்னு நானே எழுதிக் குடுத்தா என்னம்மா ஆகும்? நெனச்சுப் பாரு."

"அப்போ நான் ஒரு வருஷம் திரும்பப் படிக்கணுமாப்பா?"

அவர் தட்டை நகர்த்தினார். கடிகாரத்தைப் பார்த்தார், கை கழுவப் போனார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பெற்ற மகள் எதிரே உட்கார்ந்து நான் பார்த்தேன் என்கிறாள். அந்த நோட்டு சொல்வதை நம்புகிறாரே என்று இருந்தது. அந்த நோட்டின் மேல் அவளுக்குப் பொறாமையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுப்பு. விடுப்பில் இருக்கிறவர் ஊழியர் வேனில் ஏறக் கூடாது என்று விதி. அதனால் பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக, இஸ்திரி போட்ட சட்டையும் புது பெல்ட்டுமாக, மகளோடு ஏழு இருபதுக்கு நிறுத்தத்தில் வந்து நின்றார். எட்டு பத்துக்கு நிலையம். அங்கிருந்து தலைமை அலுவலகம் எதிர்ச் சாரி. ஐம்பது நிமிடம் கையில் இருக்கிறது என்று கணக்குப் போட்டிருந்தார்.

வண்டி ஏழு முப்பத்தெட்டுக்கு வந்தது. விசில் அவரைப் பார்த்ததும் படிக்கட்டில் தொங்கினவர்களை ஒதுக்கி வழிவிட்டார். "சார், நம்ம வண்டியிலயா? உள்ள போங்க சார், உள்ள காலியாத்தான் இருக்கு."

அவர் நம்பி உள்ளே போனார். இரண்டு நிறுத்தத்துக்குள் சட்டையின் இஸ்திரி போயிற்று. தையல் அக்கா வழக்கம்போல இவள் பையை வாங்கிக்கொண்டாள். சந்தை முனையில் பதினைந்து நிமிடம். பாலத்துக்கு ஏறுகிற இடத்தில் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றே போயிற்று. ஓட்டுநர் இறங்கி முன்பக்க மூடியைத் திறந்து, உள்ளே இருக்கிற சாமானிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அப்பா மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெற்றி வியர்த்துக் காதோரம் ஒழுகியது. அவரை அப்படி அவள் பார்த்ததே இல்லை.

"ஏன் சார் பதட்டப்படறீங்க?" என்றார் விசில், உண்மையான அக்கறையோடு. "நாமதான் எட்டு பத்துக்கே போய்ச் சேந்துட்டோமே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

நிலையத்தில் இறங்கும்போது ஒன்பது முப்பது. லேப் கதவைச் சாத்தி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இனிப் போய்ப் பயன் இல்லை என்று அவளும் அவரோடு சாலையைக் கடந்து ஓடினாள்.

மண்டபத்தில் ஐம்பது பேர். மேடையில் கேடயம், அதன் பக்கத்தில், எல்லாரும் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று, மத்திய நிலையத்துப் பதிவேட்டையும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அவருக்குப் பதில் கூண்டில் உட்கார்ந்தவருக்கு அது தேவைப்படவில்லை. வியாழக்கிழமை சாயங்காலமே அப்பா வெள்ளிக்கிழமையை எழுதி முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

பொது மேலாளர் தமாஷான மனிதர். "டைம் கீப்பரே லேட்டா?" என்றார். மண்டபம் சிரித்தது.

"பஸ் சார்..." என்று ஆரம்பித்தார் அப்பா.

"எந்த பஸ்? நாற்பத்தேழுதானே?" மேலாளர் பதிவேட்டைத் திறந்து விரலை ஓட்டினார். "எட்டு பத்துக்கு வந்துருக்கே. உங்க கையெழுத்துதான்."

விரல் இன்னும் நாலு அங்குலம் கீழே இறங்கியிருந்தால், அன்று சாயங்காலம் ஆறு மணி வண்டியும் வந்து சேர்ந்திருப்பதைப் பார்த்திருப்பார். பெரிய அதிகாரிகள் அவ்வளவு கீழே இறங்குவதில்லை.

அப்பா பதிவேட்டைப் பார்த்தார். பிறகு கடைசி வரிசையில் வெள்ளைக் கோட்டோடு நின்ற மகளைப் பார்த்தார். அப்புறம் மேலாளரிடம் திரும்பி, "ஆமா சார். நான்தான் வீட்டுல கிளம்ப லேட் பண்ணிட்டேன்" என்றார்.

"கொஞ்சம் சீக்கிரம் எந்திரிக்கணும்" என்று தோளில் தட்டி, கேடயத்தைக் கையில் கொடுத்தார் மேலாளர். மூன்றே முக்காலுக்கு எழுகிற மனிதர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "சரி சார்" என்றார். கை தட்டினார்கள். அவள் தட்டவில்லை. இரண்டு நாளாக அவர்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

வெளியே டீக்கடைப் பெஞ்சில் கேடயத்தை நடுவில் வைத்து இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"உங்க மேடம் உன்கிட்ட என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"கொஞ்சம் சீக்கிரம் எந்திரிக்கச் சொன்னாங்க."

அவர் ஆறின டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு, "நீ எத்தன மணிக்கு எந்திரிக்கறே?" என்றார்.

"அஞ்சு மணிக்குப்பா."

"நான் அதுக்குள்ள கிளம்பிடறேன். பாத்ததில்ல." கேடயத்தின் விளிம்பை நகத்தால் சுரண்டினார். "அந்த அறுபத்தோரு நாளும் வண்டி எத்தன மணிக்கு வந்துச்சுன்னு எங்கயாவது இருக்கா?"

அவள் லேப் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கங்களைத் திறந்தாள். தேதி, வந்த நேரம், நின்ற இடம். முதல் வருடத்திலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை; டைம் கீப்பர் வீட்டில் பிறந்த வியாதி. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு இடத்தில் நிறுத்தி, "கோடு கொஞ்சம் வளைஞ்சிருக்கு" என்றார். அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

சனிக்கிழமை கூண்டுக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்ததை நிலையமே வேடிக்கை பார்த்தது. பதிவேட்டில் ஒன்றைத் திருத்தினால் நீல மையை ஒற்றைக் கோட்டால் அடித்து, சிவப்பில் எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அவருக்கு அலுவலகம் கொடுத்த சிவப்புப் பேனா பன்னிரண்டு வருடம் மூடி திறக்காமலே உலர்ந்துபோயிருந்தது. கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கி வந்தார். அவள் தேதியும் நேரமும் வாசிக்க, அவர் அடித்து எழுதினார். காரணப் பத்தியில் ஓட்டுநர்கள் தலையில் விழாதபடி, பாலம், பள்ளம், பழைய எஞ்சின் என்று பார்த்துப் பார்த்துப் போட்டார். முதல் ஐந்தாறு நாளை ஒவ்வொன்றாக இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். இருபதைத் தாண்டினதும் நிதானம் வந்தது. நாற்பதாவதில் ஆர்வமே வந்துவிட்டது. நடுவில் கண்ணில் பட்ட ஆறு ஐம்பது வண்டிகளையும் அடித்து, 'வரவே இல்லை' என்று எழுதினார்.

கையெழுத்து வாங்க வந்த விசில் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். "சார், என்ன காரியம் பண்றீங்க? அதுவும் நேத்துதான் கேடயம் வாங்கினீங்க."

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சுப்பா. சாண் போனா என்ன, முழம் போனா என்ன."

திங்கட்கிழமை படிவத்தைத் துறைத்தலைவி மேலும் கீழும் பார்த்தார். "இது யாரு கையெழுத்து?"

"எங்கப்பா மேடம்."

"வேலிக்கு ஓணான் சாட்சியா?" என்று கேட்டுவிட்டு, தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். நாற்பத்தேழு அந்த நாட்களில் நிஜமாகவே தாமதமா என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். அதற்குள் பதிவேடு அங்கே போயிருந்தது போலிருக்கிறது. மறுமுனையில் இருந்தவர் போட்ட கூச்சல் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவளுக்கே கேட்டது. லேட்டுதான், அத்தனை நாளும் லேட்டுதான், அந்த மனுஷன் எங்க மானத்தை வாங்கிட்டான், பக்கம் பூரா ரத்தம் ஊத்தின மாதிரி இருக்கு என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார். துறைத்தலைவி போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்து, பொறுமையாகக் கேட்டு முடித்து, வைத்தார்.

"உறுதிப்படுத்திட்டாங்க" என்றார். அறுபத்தொரு லேட்டும் ரத்தாயிற்று. புதன்கிழமை பட்டியலில் அவள் எண் இருந்தது. வரும் திங்கட்கிழமை மதியம் ஒன்றரைக்குத் தேர்வு.

அப்பாவுக்கும் அதே புதன்கிழமை ஓர் உத்தரவு வந்தது. கூண்டிலிருந்து மாற்றி, பயணிகள் விட்டுப்போன குடைகளையும் டிபன் பாத்திரங்களையும் அடுக்கி வைக்கிற அறைக்குப் போட்டிருந்தார்கள். கேடயத்தைத் திங்கட்கிழமை சரியாக ஒன்பதரை மணிக்குத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். குடை அறை பத்தரைக்குத்தான் திறக்கும் என்பதால் ஊழியர் வேனும் இனி அவருக்கு இல்லை. அம்மா அதைப் படித்துவிட்டு, "கண்ணாடி அலமாரியில எடம் பண்ணி வெச்சேன். ஒரு வாரம்கூட ஆகல, அதுக்குள்ள திருப்பிக் கேக்கறாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்று அவருக்கு ஏழரைக்கே தட்டு வைத்தாள். அவரும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை மகளும் அவரும் எட்டரை வண்டியில் ஏறினார்கள். அதுவும் நாற்பத்தேழுதான், ஒன்பது இருபதுக்கு நிலையம் சேர வேண்டியது. கூட்டத்தில் கேடயத்தை இடுக்கிக்கொண்டு நிற்க முடியாமல் அவர் தவிக்க, அன்று தாமதமாகக் கடைக்குப் போய்க்கொண்டிருந்த தையல் அக்கா வழக்கம்போலக் கை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அதில் எழுதியிருந்ததைப் படித்தாள். பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டினாள். பாலத்து மேட்டில் வண்டி அரை மணி நேரம் நின்றபோது, 'நேரந்தவறாமைக்காக' என்ற எழுத்தைப் பார்க்கக் கேடயம் கை மாறிக் கை மாறிப் பின் சீட்டுவரை போய்த் திரும்பி வந்தது. இந்த வண்டிக்குக் குடுத்தாங்களா என்று யாரோ கேட்டார்கள். திருப்பி வாங்கிக்கறாங்க என்று அப்பா பதில் சொன்னார். இந்தத் தடவை எல்லாரோடும் சேர்ந்து அவருக்கும் சிரிப்பு வந்தது.

தலைமை அலுவலகத்தில் எழுத்தர் தலையை நிமிர்த்தவில்லை. "ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருந்தோம்."

"பஸ் லேட்டுங்க."

எழுத்தர் நாற்காலியைத் தள்ளி, விளக்கம் கேட்பதற்காக மறுபடியும் அங்கே வரவழைத்திருந்த மத்திய நிலையத்துப் பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். கூண்டுக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். மறுநாள் பக்கத்தை முந்தின நாளே எழுதி, பதிவேட்டையே அனுப்பிவைக்கிற பக்குவம் அவருக்கு நாலு நாளில் வந்துவிட்டது. அப்பாவுக்கு ஒரு வாரத்துக்கு மேல் பிடித்தது. "ஒன்பது இருபதுக்கு வந்துருக்கே" என்றார் எழுத்தர்.

அவள் பயந்துபோய் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை மேடையில் பார்த்த முகம் திரும்ப வந்துவிடுமோ என்று இருந்தது. அவர் குனிந்து அந்தப் பக்கத்தை நிதானமாகப் பார்த்தார். "நல்ல கையெழுத்து" என்றார்.

கேடயம் போய்ச் சேர்ந்ததற்கு ரசீது கொடுத்தார்கள். 'ஒப்படைத்த நேரம்: ஒன்பதரை' என்று அதில் இருந்தது. உத்தரவில் அப்படித்தானே போட்டிருக்கிறது என்றார் எழுத்தர். அப்பா அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அவள் லேப் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். தேதி போட்டு, நாற்பத்தேழு, வந்தது பத்து ஐந்து, நின்றது பாலம் என்று எழுதினாள். தேர்வுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. இரண்டு வருடத்தில் அவள் கல்லூரிப் பக்கம் இவ்வளவு முன்னால் வந்ததில்லை.

அப்பா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "பத்து அஞ்சு இல்லம்மா. பத்து ஏழு. நான் இறங்கும்போது பாத்தேன்."

"ரெண்டு நிமிஷம்தானேப்பா."

அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து நீட்டினார். "ஒரே கோடா அடிச்சிட்டு, பக்கத்துல சிவப்புல எழுது. கையெழுத்துப் போடு."

அவள் அடித்து, ஏழு என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள். அவர் நோட்டை வாங்கித் தன் மணிக்கட்டைப் பார்த்தார், எழுதியதைப் பார்த்தார், அதற்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தார்.